கூகுளில் தேடும்போது போலித் தளத்தில் மாட்டாமல் இருக்க: எதைப் போடலாம், எதை விடலாம்

ஜிம்ப் என்ற இலவசப் படத் தொகுப்பு மென்பொருளை 2022 நவம்பரில் கூகுளில் தேடியவர்களுக்கு ஒரு விளம்பரம் வந்தது. அதில் தெரிந்த முகவரி ஜிம்ப் டாட் ஓஆர்ஜி. அசல் தளத்தின் முகவரியும் அதுதான். கிளிக் செய்தால் திறந்ததோ, பெயருக்குள் இரண்டு எழுத்து கூடிய 'கிலிம்ப்' என்ற வேறொரு தளம். பார்வைக்கு அசல் போலவே இருந்த அந்தப் பக்கத்தில் டவுன்லோட் பட்டனை அழுத்தினால் சுமார் 700 எம்பி அளவுள்ள செட்அப் ஃபைல் இறங்கியது. அதில் தீங்கு செய்யும் நிரல் 5 எம்பிக்கும் குறைவு, மீதியெல்லாம் வெறும் நிரப்பல். அவ்வளவு ஊதியதற்குக் காரணம் உண்டு. ஃபைலையும் லிங்க்கையும் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளம் 650 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. பல ஆன்டிவைரஸ்களும் மிகப் பெரிய ஃபைலை முழுதாகத் துழாவாமல் விட்டுவிடும். உள்ளே இருந்தது வைடார் என்ற திருட்டு நிரல். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, லாகின் குக்கி (லாகின் ஆன நிலையை நினைவில் வைக்கும் சிறு பதிவு), கிரிப்டோ வாலட் என்று கிடைப்பதையெல்லாம் வழித்து அனுப்பிவிடும்.

தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டுவதற்கும் பணமோ பாஸ்வேர்டோ பறிபோவதற்கும் நடுவில் ஐந்து வாசல்கள் இருக்கின்றன. தேடல் முடிவுகள் வரும் பக்கம் முதல் வாசல். கிளிக் செய்ததும் அந்தப் பெயருக்குரிய சர்வரின் எண்ணை ஃபோன் கேட்டு வாங்குகிறதே, அந்த டிஎன்எஸ் இரண்டாவது. பக்கத்தைத் திறக்கும் முன் பிரவுசர் தன்னிடமுள்ள ஆபத்துப் பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது மூன்றாவது. பாஸ்வேர்டு தட்டும் கட்டம் நான்காவது. இறங்கிய ஃபைலைத் திறப்பது ஐந்தாவது. இலவசமாகக் கிடைப்பதோ காசுக்கு விற்பதோ, எந்தப் பாதுகாப்பாக இருந்தாலும் இவற்றில் ஒன்றிரண்டு வாசலில்தான் காவல் நிற்கும். அதனால் "எது நல்லது?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. வீட்டில் யார் எந்த வாசலில் வழுக்குகிறார்கள் என்று பார்த்து அதற்கேற்ப எடுக்க வேண்டும்.

விளம்பரத்தையே மறைத்துவிடுவது

லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பர் 21 அன்று ஒரு பொது எச்சரிக்கை வெளியிட்டது. தேடுபொறி விளம்பரங்களை விலைக்கு வாங்கி, பெரிய நிறுவனங்களின் பெயரில் போலித் தளங்களுக்கு ஆள் இழுக்கிறார்கள், ஆகவே இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று அதில் சொன்னார்கள். ஒரு காவல் துறையே விளம்பரத் தடுப்பானைச் சிபாரிசு செய்யும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. விஎல்சி, ஓபிஎஸ், 7-ஜிப், நோட்பேட்++ என்று மக்கள் தினமும் டவுன்லோட் செய்யும் மென்பொருள்களின் பெயரிலெல்லாம் அந்த மாதங்களில் போலி விளம்பரங்கள் ஓடின. 2023 அக்டோபரில் கீபாஸ் என்ற பாஸ்வேர்டு பெட்டகத்தின் பெயரிலும் ஒன்று வந்தது. அதில் முகவரியின் முதல் எழுத்தான 'கே'யின் அடியில் ஒரு சிறு வால் மட்டும் கூடுதல். திரையில் தூசி ஒட்டியிருப்பதாக நினைத்துக் கடந்துவிடுவோம். உண்மையில் அது லாட்விய மொழியின் எழுத்து, முகவரியே வேறு.

கூர்ந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. விளம்பரமே கண்ணில் படாவிட்டால் இந்த வகைப் பொறி முழுதும் விலகிவிடும்.

கருவி என்று பார்த்தால், ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின். பிரவுசரில் கூடுதலாகப் போடும் சிறு நிரல்களான எக்ஸ்டென்ஷன்களின் விதிகளைக் கூகுள் மாற்றியதால் 2025-இன் நடுவிலிருந்து குரோமில் இது ஓடாது. அங்கே யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சுருங்கிய வடிவம்தான் கிடைக்கும். லைட் போட்டால் அதன் ஐகானைத் தட்டி, வடிகட்டும் நிலை 'ஆப்டிமல்' என்று இருக்கிறதா பாருங்கள். 'பேசிக்' நிலையில், கூகுள் தன் பக்கத்துக்குள்ளேயே வைக்கும் விளம்பர வரிகள் மறையாமல் தங்கிவிடக்கூடும். ஃபோன் என்றால், ஆண்ட்ராய்டு குரோம் எக்ஸ்டென்ஷன் எதையும் ஏற்காது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கும், அதில் முழு யூபிளாக் ஆரிஜினே போடலாம். ஐஃபோனில் சஃபாரிக்கான லைட் வடிவம் 2025-இல் ஆப் ஸ்டோருக்கு வந்துவிட்டது.

எக்ஸ்டென்ஷனைத் தேடும்போதே ஏமாறவும் வழி இருக்கிறது. 2017-இல் குரோம் ஸ்டோரிலேயே ஆட்பிளாக் பிளஸ் என்ற பெயரில் ஒரு போலி நுழைந்து, நீக்கப்படுவதற்குள் 37,000 பேர் அதைப் போட்டுவிட்டார்கள். கூகுளில் தேடி இறக்காமல் பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்கே போய்த் தேடுங்கள். யூபிளாக் ஆரிஜினை உருவாக்கியவர் ரேமண்ட் ஹில். அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். 'ஆரிஜின்' என்ற சொல் இல்லாமல் வெறும் 'யூபிளாக்' என்று இருப்பது வேறு ஆளுடையது.

குறை உண்டு. சில பணம் கட்டும் பக்கங்களில் பட்டன் வேலை செய்யாமல் போகும். அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு வேலையை முடிக்கலாம். பெரிய குறை இன்னொன்று. விளம்பரமாக வராமல், சாதாரணத் தேடல் முடிவாகவே மேலே ஏறி வரும் போலித் தளத்தை இது தொடாது. ஹேக் செய்யப்பட்ட கல்லூரித் தளம், பஞ்சாயத்துத் தளம், ஏன், அரசின் கவ் டாட் இன் தளங்களிலேயே திருட்டுப் பக்கங்களையும் பிடிஎஃப்களையும் ஏற்றி வைத்து, நற்பெயருள்ள முகவரியின் தோளில் ஏறி முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். அங்கே அடுத்த வாசல்கள்தான் காக்க வேண்டும்.

தேடுபொறியை மாற்றினால் தப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெரிய வித்தியாசம் இருக்காது. பிங் விளம்பரங்களிலும் இதே வேலை நடந்திருக்கிறது. டக்டக்கோவுக்கு விளம்பரம் மைக்ரோசாஃப்டிடமிருந்துதான் வருகிறது.

டிஎன்எஸ்: ஒருமுறை மாற்றினால் போதும்

ஃபோனில் மட்டுமே இணையம் பார்க்கும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிக்கு இதுதான் முதலில். எந்த ஆப்பும் தேவையில்லை, காசும் இல்லை. ஒருமுறை மாற்றிவிட்டால் பிரவுசர் மட்டுமின்றி, வாட்ஸ்அப்பில் வந்த லிங்க், ஏதோ ஒரு கேமுக்குள் வந்த விளம்பரம் என கிட்டத்தட்ட எல்லாமே அந்த வடிகட்டி வழியாகத்தான் போகும்.

நம்பகமானவை இரண்டு. 2017 நவம்பரில் தொடங்கிய குவாட்9 லாப நோக்கில்லாத அமைப்பு, இப்போது சுவிட்சர்லாந்தில் பதிவாகியிருக்கிறது. அதன் எண் 9.9.9.9, துணை எண் 149.112.112.112. கிளவுட்ஃபிளேர் 2020-இல் தந்த 1.1.1.2 தீங்கான தளங்களைத் தடுக்கும், 1.1.1.3 அதோடு ஆபாசத் தளங்களையும் தடுக்கும். கவனம்: கிளவுட்ஃபிளேரின் பிரபலமான 1.1.1.1-உம் கூகுளின் 8.8.8.8-உம் தீங்கான தளங்களை வடிகட்டுவதில்லை. "நான் டிஎன்எஸ் மாற்றிவிட்டேன்" என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலர் மாற்றியிருப்பது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆண்ட்ராய்டு 9 முதல் எல்லா ஃபோன்களிலும் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற வசதி உள்ளது. சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ் என்று போக வேண்டும். மற்ற ஃபோன்களில் இடம் மாறும் என்பதால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியிலேயே பெயரைத் தட்டிவிடுவது சுலபம். மூன்றாவது தெரிவாக 'புரவைடர் ஹோஸ்ட்நேம்' இருக்கும். அதில் எண்ணைத் தட்டினால் சேவ் பட்டன் உயிர்பெறாது, பெயர்தான் வேண்டும். குவாட்9-க்கு டிஎன்எஸ் டாட் குவாட்9 டாட் நெட். கிளவுட்ஃபிளேருக்கு செக்யூரிட்டி டாட் கிளவுட்ஃபிளேர்-டிஎன்எஸ் டாட் காம், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு 'செக்யூரிட்டி'க்குப் பதில் 'ஃபேமிலி'. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல். முடித்ததும் ஆன் டாட் குவாட்9 டாட் நெட் என்ற பக்கத்தைத் திறந்தால் குவாட்9 வழியாகப் போகிறீர்களா இல்லையா என்று சொல்லிவிடும்.

விண்டோஸ் 11-இல் நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்ற வரிக்கு எதிரே 'எடிட்' அழுத்தி, 'மேனுவல்' ஆக்கி, இரண்டு எண்களையும் கொடுக்கலாம். இங்கே பலர் கோட்டை விடும் இடம், இணைய எண்களின் புதிய வடிவமான ஐபிவி6. ஐபிவி4-க்கு மட்டும் எண் கொடுத்துவிட்டு ஐபிவி6-ஐ அப்படியே விட்டால், கேள்விகள் பழையபடி இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்கே போகலாம். குவாட்9 தளத்தில் ஐபிவி6 எண்களும் இருக்கின்றன, அவற்றையும் போட்டுவிடுங்கள். ரவுட்டரிலேயே மாற்றிவிட்டால் வீட்டிலுள்ள டிவி வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் அந்தப் பக்கம் பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. ஃபோன் மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் ரவுட்டர் காவல் போய்விடும். ஃபோனுக்கு ஃபோனிலேயே போடுவது நல்லது.

ஐஃபோனில் வைஃபைக்குள் போய் டிஎன்எஸ் மாற்றினால் அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்தான். எங்கும் பொருந்த வேண்டுமென்றால் குவாட்9 தன் தளத்தில் தரும் புரொஃபைலை நிறுவ வேண்டும்.

எங்கே உதைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரயில் நிலையம், ஓட்டல் போன்ற இடங்களில் லாகின் பக்கம் வந்த பிறகே வைஃபை வேலை செய்யும். பிரைவேட் டிஎன்எஸ் இருந்தால் அந்தப் பக்கமே வராமல் இழுத்தடிக்கும். தற்காலிகமாக 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி, நுழைந்த பிறகு மறக்காமல் திருப்பி வையுங்கள். இன்னொன்று, குவாட்9 ஒரு தளத்தைத் தடுத்தால் "இது ஆபத்தான தளம்" என்று எழுதிக் காட்டாது. அப்படி ஒரு பெயரே இல்லை என்று மட்டும் பிரவுசருக்குப் பதில் சொல்லும். பயனாளிக்கு "தளத்தை அடைய முடியவில்லை" என்ற வெறும் பக்கம் வரும். நெட் போய்விட்டது என்று நினைத்து வேறு ஃபோனில் திறந்து பார்ப்பார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்பே சொல்லி வைக்க வேண்டும்: மற்றதெல்லாம் திறந்து இது மட்டும் திறக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

டிஎன்எஸ்ஸுக்குத் தெரிவது டொமைன், அதாவது தளத்தின் பெயர் மட்டும்தான், முகவரியில் அதற்குப் பின்னால் வரும் பாதை தெரியாது. கூகுள் ஃபார்ம்ஸ், கூகுள் சைட்ஸ் போன்ற பொது இடங்களில் கட்டிய போலிப் பக்கத்தைத் தடுக்க வேண்டுமென்றால் கூகுளின் அந்தச் சேவையையே முழுதாகத் தடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அது தப்பிவிடும்.

பிரவுசரின் எச்சரிக்கைப் பக்கம்

சிவப்பாக வரும் அந்த முழுத்திரை எச்சரிக்கை, கூகுளின் சேஃப் பிரவுசிங் பட்டியலிலிருந்து வருகிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றுமே அதைப் பயன்படுத்துகின்றன. எட்ஜ் மட்டும் மைக்ரோசாஃப்டின் ஸ்மார்ட்ஸ்கிரீனை. முழு முகவரியைப் பார்ப்பதால், டிஎன்எஸ் விட்டுவிடும் 'நல்ல டொமைனில் கெட்ட பக்கம்' இங்கே சிக்கும்.

குரோமில் இரண்டு நிலைகள் உள்ளன. 'ஸ்டாண்டர்டு' நிலையில் முன்பு பட்டியல் ஃபோனுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து சேரும். கூகுளே சொன்ன கணக்குப்படி ஒரு தீங்கான தளத்தின் சராசரி ஆயுள் 10 நிமிடத்துக்கும் குறைவு. திருடன் போன பிறகு வந்து சேரும் பட்டியல் அது. 2024 மார்ச்சில்தான் ஸ்டாண்டர்டு நிலையும் உடனுக்குடன் சர்வரைக் கேட்கத் தொடங்கியது. முகவரியை அப்படியே அனுப்பாமல், அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற குறியீட்டின் முன்பகுதியை மட்டும், நடுவில் வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்புகிறார்கள். 'என்ஹான்ஸ்டு' நிலையில் பார்க்கும் பக்கங்களின் முகவரியும், சந்தேகம் வந்தால் பக்கத்தின் சிறு பகுதியும் கூகுளுக்குப் போகும். லாகின் செய்திருந்தால் கொஞ்ச காலம் உங்கள் கணக்கோடும் இணைக்கப்படும். பதிலுக்கு, பட்டியலில் இன்னும் ஏறாத புதிய தளத்தையும் அதன் தோற்றத்தை வைத்தே பிடிக்கப் பார்க்கும், இறக்கும் ஃபைலையும் ஆழமாகச் சோதிக்கும்.

எங்கள் கருத்து: தனியுரிமையைப் பெரிதாகக் கருதி, முகவரியைப் படிக்கவும் தெரிந்தவருக்கு ஸ்டாண்டர்டு போதும். லிங்க் வந்தால் தட்டிப் பார்த்துவிடும் பழக்கமுள்ளவருக்கு என்ஹான்ஸ்டு போட்டுவிடுங்கள். அவருடைய ஓய்வூதியக் கணக்கை இழப்பதைவிட இது எவ்வளவோ சிறிய விலை. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சேஃப் பிரவுசிங்.

இதையும் ஏமாற்றுகிறார்கள். பரிசோதிக்க வரும் கூகுளின் கணினிக்கு ஒரு சாதாரணச் சமையல் பக்கத்தையும், இந்திய ஐபி எண்ணிலிருந்து ஃபோனில் வருபவருக்கு வங்கி லாகின் பக்கத்தையும் காட்டும் தளங்கள் உண்டு. அதனால் எச்சரிக்கை வரவில்லை என்பதை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. வந்துவிட்டால் மட்டும் மறுபேச்சின்றி நம்பலாம்.

பாஸ்வேர்டு மேனேஜரின் மௌனம்

பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து, உரிய தளத்தில் தானே நிரப்பும் இதைப் பாதுகாப்புக் கருவி என்றே பலர் நினைப்பதில்லை. போலி லாகின் பக்கத்துக்கு எதிராக இதைவிடப் பலமானது வேறில்லை என்பது எங்கள் கருத்து. மனிதக் கண் லோகோவைப் பார்க்கும், வண்ணத்தைப் பார்க்கும். மேனேஜர் டொமைனை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். எழுத்தின் அடியில் ஒட்டிய வால் நம் கண்ணுக்குத் தூசி, மேனேஜருக்கு அது வேறு தளம். வழக்கமாகத் தானே நிரப்பும் பெட்டி ஒருநாள் காலியாகவே நின்றால், கையால் தட்டத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். அந்த மௌனம்தான் எச்சரிக்கை. பாஸ்வேர்டுக்குப் பதில் ஃபோனின் கைரேகை, முகம் அல்லது பூட்டு எண்ணால் நுழைய விடும் பாஸ்கீ வசதி தரும் தளங்களில் அதற்கு மாறிவிட்டால் இன்னும் உறுதி, ஏனென்றால் போலித் தளத்தில் கொடுக்க நம் கையில் ரகசியச் சொல் என்று எதுவுமே இருக்காது.

பிட்வார்டன் போன்ற தனி ஆப்போ, குரோமிலோ ஐஃபோனிலோ ஏற்கெனவே இருக்கும் மேனேஜரோ, எதுவானாலும் சரி. குறை ஒன்றுதான். ஜிம்ப் கதையில் வந்த வைடார் மாதிரித் திருட்டு நிரல் கணினிக்குள் புகுந்துவிட்டால் பிரவுசரில் சேமித்தவைதான் முதலில் போகும். அதனால் ஐந்தாவது வாசலைத் திறந்து போட்டுவிட்டு நான்காவதை மட்டும் பூட்டுவதில் அர்த்தமில்லை.

முகவரியைப் படிக்கும் முறை

கருவி எதுவும் வேண்டாத தெரிவு இது. ஆனால் சரியாகச் சொல்லிக்கொடுக்கப்படுவது அபூர்வம். இடமிருந்து படிக்கக் கூடாது. முகவரியில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பி வாருங்கள், முதலில் எதிர்ப்படுவதுதான் உரிமையாளரின் பெயர். 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன் டாட் கேஒய்சி-அப்டேட் டாட் டாப்' என்று ஒன்று இருந்தால், உரிமையாளர் 'கேஒய்சி-அப்டேட் டாட் டாப்'. முன்னால் இருக்கும் வங்கிப் பெயர், வாடகைக் காரில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி. எவரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். ஃபோனில் முகவரிப் பட்டியைத் தொட்டு, வலது கோடிவரை நகர்த்திப் பார்த்தால்தான் இது தெரியும்.

இந்திய வங்கிகளுக்கு இப்போது ஒரு நல்ல அடையாளம் வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது. அந்தப் பெயரைக் கொடுக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி என்ற ஒரே அமைப்பிடம் மட்டும். வங்கியாக இல்லாதவர் வாங்க முடியாது. ஸ்டேட் வங்கிக்கு எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன். சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக அந்தச் சொற்களே நிற்க வேண்டும்.

அரசுத் தளங்களில் விதி இவ்வளவு சுத்தமாக இல்லை. 'கவ் டாட் இன் இல்லையென்றால் போலி' என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானோர் ஆண்டுக்கணக்காக மின்கட்டணம் கட்டிய டிஎன்இபிநெட் தளமே ஓஆர்ஜி என்றுதான் முடிகிறது. இந்தக் குழப்பத்தால்தான் மின்கட்டணம், வரி, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைத் தேடிப் போவதே தவறு என்கிறோம். ஒருமுறை பில்லிலோ அலுவலக அறிவிப்பிலோ அச்சிட்டிருக்கும் முகவரியைத் தட்டித் திறந்து, புக்மார்க் செய்து, பெற்றோரின் ஃபோனில் முகப்புத் திரையிலேயே ஐகானாக வைத்துவிடுங்கள். குரோமில் மூன்று புள்ளியை அழுத்தினால் 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்' இருக்கும். பணம் புழங்கும் நான்கைந்து தளங்களுக்கு இதைச் செய்ய பத்து நிமிடம் ஆகும். தேடல் என்ற முதல் வாசலே அந்தத் தளங்களுக்கு இல்லாமல் போய்விடும்.

பூட்டுச் சின்னத்தை மறந்துவிடுங்கள். அது இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டும் அடையாளம், எதிர்முனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. அந்தப் பூட்டை வரவைக்கும் சான்றிதழ் திருடனுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே 2023 செப்டம்பரில் குரோம் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

எந்தக் கருவியும் தடுக்காத மூன்று

முதலாவது கஸ்டமர் கேர் எண். கேஸ் பதிவு, பார்சல், வங்கி, யுபிஐ பணம் சிக்கியது என்று தேடும்போது வரும் எண்ணுக்கு டொமைன் கிடையாது, எந்த வடிகட்டியும் அதைத் தொடாது. மேப்ஸில் கடையின் எண்ணை மாற்றி எழுதுகிறார்கள், யாரும் எழுதக்கூடிய தளங்களில் பதிந்து வைக்கிறார்கள். 2025-இல் இன்னும் நூதனமான ஒன்று வெளிப்பட்டது. விளம்பரம் நிறுவனத்தின் உண்மையான தளத்துக்கே அழைத்துப் போகும். ஆனால் லிங்க்கின் வாலில் திருடனின் எண் ஒட்டப்பட்டிருக்கும், அது அசல் தளத்தின் தேடல் பெட்டிக்குள் எழுத்தாகத் தோன்றும். முகவரி சரி, தளம் சரி, எண் மட்டும் பொய். தேடல் பக்கத்தின் உச்சியில் வரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமும் இணையத்தில் பரவிய போலி எண்ணை எடுத்துத் தந்திருக்கிறது. எண்ணை எங்கிருந்து எடுப்பது? டெபிட் கார்டின் பின்புறம், பாஸ்புக், கேஸ் பில், அந்த நிறுவனத்தின் ஆப்பிற்குள். பேசுபவர் எனிடெஸ்க், டீம்வியூவர், ஸ்கிரீன் ஷேர் என்று எதையாவது போடச் சொன்னால் அந்த நொடியே வைத்துவிடுங்கள். திரையைப் பார்ப்பவருக்கு ஓடிபியை நீங்கள் சொல்லத் தேவையே இல்லை.

இரண்டாவது, 'நான் ரோபோ அல்ல' என்ற பெயரில் வரும் பொறி. சாதாரணச் சோதனை போலத் தொடங்கும். பிறகு விண்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் அழுத்துங்கள், கன்ட்ரோல் வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள் என்று மூன்று படி சொல்லும். நீங்கள் கட்டத்தைக் கிளிக் செய்தபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் நகலெடுத்து வைத்துவிட்டது. விண்டோஸ் கீயும் ஆர்-உம் திறக்கும் ரன் பெட்டியில் அதை ஒட்டியதும், விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் வழியாகத் திருட்டு நிரல் இறங்கும். கட்டளையைக் கொடுத்தது கணினியின் சொந்தக்காரரே என்பதால் பிரவுசர் குறுக்கே வராது, ஆன்டிவைரஸும் பல நேரம் தாமதமாகவே விழிக்கும். மேக் கணினியில் இதையே, கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் ஒட்டச் சொல்வார்கள். எந்த உண்மையான ரோபோ சோதனையும் பிரவுசருக்கு வெளியே எதையும் செய்யச் சொல்லாது. வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது இது. கேம் கிராக், இலவசப் படம் என்று தேடும் இடங்களில்தான் இது அதிகம்.

மூன்றாவது ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே ஆண்ட்ராய்டு ஃபோனில் ஆப்பை நிறுவும் ஃபைல். போக்குவரத்து அபராதம், விவசாயி உதவித்தொகை, கல்யாண அழைப்பிதழ் என்று ஏதோ ஒரு பெயரில் இறங்கி, எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியைக் கேட்கும். கொடுத்ததும் ஓடிபி எல்லாம் அங்கே போகும். இங்கே செட்டிங்ஸ் உதவும்: 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடி, குரோம், வாட்ஸ்அப், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் அணைத்துவையுங்கள். பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட்டை அணைக்கச் சொல்லி எந்தப் பக்கமோ ஆளோ சொன்னால், அதற்கு மேல் அவரிடம் பேச ஒன்றுமில்லை.

காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி

விண்டோஸில் உள்ள டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸின் வெப் ஷீல்டு, பெரும்பாலும் மேலே சொன்ன இலவசப் பட்டியல்களைப் போன்ற ஒன்றைத்தான் பார்க்கிறது. அலுவலகத்தில் இருபது கணினிகளை ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க வேண்டியவருக்கு அது பயன்படலாம், ஒரு வீட்டு லேப்டாப்புக்கு முதல் செலவாக அதைச் சொல்ல மாட்டோம். விபிஎன், இணையத்தில் உங்கள் அடையாள எண்ணான ஐபியை மறைக்கும், போகும் தகவலை வழியில் மற்றவர் படிக்காமல் காக்கும், அவ்வளவுதான். தனியாக வடிகட்டும் வசதி இல்லாவிட்டால் போலித் தளத்துக்கும் அதே பத்திரத்தோடு கொண்டுபோய்விடும். மேலும், விபிஎன் ஓடும்போது டிஎன்எஸ் அதன் கைக்குப் போய்விடலாம். பிரவுசரின் இன்காக்னிட்டோ முறை, நீங்கள் பார்த்த சுவடை உங்கள் கணினியிலிருந்து அழிக்கிறது, இந்த விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

லிங்க்கை வைரஸ்டோட்டலில் ஒட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். எழுபதுக்கும் மேற்பட்ட பட்டியல்களில் ஒரே நேரத்தில் தேடும். ஆனால் காலையில் பிறந்த தளத்துக்கு அங்கே பூஜ்யம்தான் வரும். பூஜ்யத்தைப் பச்சைக்கொடியாக எடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் கூகுள் முடிவின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தட்டிப் பாருங்கள், அந்தத் தளம் எப்போதிலிருந்து கூகுளுக்குத் தெரியும் என்று வரும். பெயர்பெற்ற கடையின் தளம் சென்ற மாதம்தான் முதலில் பதிவானது என்றால் அதற்கு மேல் ஆராய வேண்டாம்.

யாருக்கு எது

ஃபோன் மட்டும் வைத்திருக்கும் பெரியவருக்கு: பிரைவேட் டிஎன்எஸ், என்ஹான்ஸ்டு நிலை, முகப்புத் திரையில் நான்கு ஐகான், அன்னோன் ஆப்ஸ் அணைப்பு. அரை மணி நேர வேலை. கூடவே குரோமின் சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷனைத் திறந்து, 'அலோ' ஆகியிருக்கும் பெயர் தெரியாத தளங்களை நீக்குங்கள். "உங்கள் ஃபோனில் 13 வைரஸ்" என்று தினமும் வரும் மிரட்டல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

லேப்டாப்பில் மென்பொருள் தேடி இறக்கும் மாணவருக்கும் டிசைனருக்கும்: ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் முதலில், பாஸ்வேர்டு மேனேஜர் அடுத்து. விண்டோஸில் மென்பொருளைத் தேடாமலே போடவும் வழி இருக்கிறது. டெர்மினலில் விங்கெட் என்ற கட்டளை, அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர். விஎல்சி, ஜிம்ப், 7-ஜிப் எல்லாம் விங்கெட்டில் கிடைக்கும். ஜிம்ப் விளம்பரம் ஓடிய நாளில் இந்த வழியில் போட்டவர் கண்ணில் அந்த விளம்பரமே பட்டிருக்காது.

சிறு கடை, ஆடிட்டர் அலுவலகம் போன்ற இடங்களில் வங்கி வேலைக்கென்று ஒரு பிரவுசரைத் தனியாக ஒதுக்குங்கள். அதில் புக்மார்க் தவிர வேறெதையும் திறக்கக் கூடாது, தேடவும் கூடாது. கணினி தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்

பக்கத்தைத் திறந்து பார்த்ததோடு சரி என்றால் மூடிவிட்டு, பிரவுசரை அப்டேட் செய்யுங்கள், போதும். பாஸ்வேர்டு தட்டியிருந்தால் வேறொரு கருவியிலிருந்து மாற்றி, 'எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். லாகின் குக்கி திருடனிடம் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றியும் அவன் உள்ளேயே இருக்கலாம். ரன் பெட்டியில் எதையாவது ஒட்டியிருந்தால் அந்தக் கணினியிலிருந்து எதையும் மாற்றாதீர்கள். நெட்டைத் துண்டித்து, ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள்.

ஏபிகே போட்டிருந்தால் உடனே ஏரோபிளேன் மோட். பிறகு சேஃப் மோடில் திறந்து, 'டிவைஸ் அட்மின்' பட்டியலில் அந்த ஆப்புக்கு அனுமதி இருந்தால் எடுத்துவிட்டு, ஆப்பை நீக்குங்கள். நெட்வொர்க் திரும்பியதும் *#21# தட்டி, அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டுள்ளனவா பாருங்கள். இருந்தால் ##002# எல்லாத் திருப்பல்களையும் ரத்து செய்யும்.

பணம் போயிருந்தால் இதையெல்லாம் பிறகு செய்துகொள்ளலாம். முதலில் இன்னொரு ஃபோனிலிருந்து தேசியச் சைபர் குற்ற உதவி எண்ணான 1930. எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்ற நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், எடுக்கப்படுவதற்குள் எங்காவது முடக்கினால்தான் மீளும். அதோடு வங்கிக்கும் சொல்லிக் கார்டையும் யுபிஐயையும் நிறுத்துங்கள். எழுத்துப் புகாரைச் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதிய வேண்டும். அந்த முகவரியையும் தேடாமல் நேராகத் தட்டுங்கள். ஏமாந்தவர்களைக் குறிவைத்து, 'பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று காத்திருக்கும் போலிகள் தேடல் முடிவுகளில் உண்டு.